மஞ்சள் சுடர்

கிளாம்பாக்கத்தில் விடியற்காலை ஐந்தேகால்.
ஆம்னி பஸ் தன் வயிற்றைத் திறந்து
மெத்தை, வாழைத்தார், ஒரு சைக்கிள்
எல்லாம் இறக்கிய பிறகு
என் பெயருக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி.

மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டேன்.
பல்லாவரம் தாண்டும்போது பக்கத்திலிருந்தவர் கேட்டார்:
"மீனா?"
"இலைக்காம்பு."
அவர் நம்பவில்லை.

கிண்டியில் பிரித்தால் இரண்டு பழுப்புக் கவர்கள்.
பால்பாயிண்ட் பேனா, வியர்த்த எழுத்து:
நாலாம் வரிசை, சொந்த வேர்.
ஒன்பதாம் வரிசை, ஒட்டு.
கவாத்து முடிஞ்சு தொண்ணூறாம் நாள்.
காய் நிறம் எடுக்குது மேடம்.
இன்னாசிமுத்து, இராயப்பன்பட்டி.

வெயில் நூற்று ஏழு. காலையிலேயே மின்சாரம் போய்விட்டது.
தண்ணீர் காய்ச்சி வடிக்கும் கண்ணாடிச் சுருள்
வாய் உலர்ந்து நின்றது.
ஒவ்வொரு கவரிலும் பாதியை எடுத்து
குழாயடியில் கழுவினேன்.
ஒரு நாள்தானே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உலர்த்தி, அரைத்து, உலையில் எரித்து,
மிஞ்சிய வெண்சாம்பலை அமிலத்தில் கரைத்துப் பார்த்தால்
பூத்த நாளில் இரண்டு புள்ளி ஒன்றாக இருந்த சாம்பல்சத்து
ஒன்று புள்ளி மூன்றுக்கு இறங்கியிருக்கிறது.
திருட்டு இல்லை.
காய் கேட்டது, இலை கொடுத்தது.
தழைச்சத்தும் மணிச்சத்தும் அதே வழி.

சுண்ணாம்பு மட்டும் ஏறியிருக்கிறது.
தண்ணீரோடு வந்து இலையில் உட்கார்ந்தால்
அது திரும்பாது,
மடிப்பாக்கம் வீட்டுக்காரரிடம் போன
எங்கள் அட்வான்ஸ் மாதிரி.

கடைசியில் சோடியம்.
நீலச் சுடருக்குள் கரைசல் ஏறிய நொடி
சுடர் முழுக்க மஞ்சள்.
சாம்பல்சத்தின் மெல்லிய ஊதா இருந்த இடம்கூடக்
கண்ணுக்குத் தெரியவில்லை.
இரண்டு வரிசையிலும் உப்பு.
ஒட்டிலுமா?

ஃபோனில் சொன்னேன்.
அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம்.
"அப்ப ஒம்பதாம் வரிசையப் பிடுங்கிறவா மேடம்?
கன்னு ஒண்ணு எம்பது ரூவா."
பொறுங்கள் என்றேன்.
ஏன் பொறுக்கவேண்டும் என்று
எனக்கே தெரியாது அப்போது.

இரவு பாலவாக்கத்தில், பல் துலக்கும்போது தெரிந்தது.
எங்கள் குழாயின் மூக்கில்
பூத்துக் கிடக்கிறது ஒரு வெள்ளை.
வாளியின் விளிம்பில் அதே வெள்ளை.
கண்ணாடிச் சோப்புப்பெட்டியில்,
என் கொலுசில்.
ஆய்வகக் குழாயிலும் அதே கடல்தான்.

மறுநாள் மின்சாரம் இருந்தது.
குளிர்பெட்டியில் கழுவாமல் வைத்த மறுபாதியை
வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசினேன்.
கையுறை. புதுக் குடுவை.
சுடர் இந்தமுறை பாதி நாணத்தோடு மஞ்சளித்தது.
சொந்த வேர்: பூஜ்யம் புள்ளி ஐந்து.
ஒட்டு: பூஜ்யம் புள்ளி ஒன்று.

அந்த வேர் ஒரு காட்டுத் திராட்சை.
எங்கோ சுண்ணாம்புக் கரட்டில் பிறந்தது.
தலையைச் சீவிவிட்டு
பன்னீர்த் திராட்சையை மேலே ஒட்டியிருக்கிறார்கள்.
தன் பெயரில் ஒரு பழம் கிடையாது அதற்கு.
இருட்டில், தலை இல்லாமல்,
யாரை உள்ளே விடலாம் என்று
அதுதான் முடிவு செய்கிறது.

"பிடுங்க வேண்டாம்," என்றேன்.
"நேற்று சொன்ன உப்பில் பாதி என்னுடையது."
கொஞ்சநேரம் மோட்டார் சத்தம் மட்டும்.
"உங்க ஊர்த் தண்ணி அவ்வளவு உப்பா மேடம்?"
"ஆமாம்."
"அப்பக் குடிக்க?"
"கேன் வாங்குறோம்."
"எவ்ளோ?"
"நாப்பது ரூபாய்."
"ரெண்டு கேனுக்கு ஒரு கன்னு," என்றார்,
கணக்காக.

பதிவேட்டில் முதல் எண்ணை நான் அழிக்கவில்லை.
குறுக்கே ஒரு கோடு,
பக்கத்தில்: குழாய்த் தண்ணீர். கழுவியது நான்.
கையெழுத்துப் போடும்போது
விரல் நுனியில் வியர்வை.
அதையும் துடைத்துக்கொண்டேன்.